கழலாத இன்ஜின் போல்ட்: எண்ணெயா, பைப்பா, சூடா, வெல்டிங்கா?

"மூணு போல்ட் வந்துடுச்சு, நாலாவது அசையவே மாட்டேங்குது. பைப் போட்டுத் திருப்பவா, கேஸ் வெச்சுச் சூடு பண்ணவா?" வாசகர்கள் பல விதமாகக் கேட்டாலும் கேள்வி இதுதான். தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப், சைலன்சர் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் என்று இடம் மட்டும் மாறும்.

ஒரு போல்ட்டைக் காப்பாற்றும் வழி பக்கத்துப் போல்ட்டை ஒடித்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதை எடுத்துத் தொடங்கும்போதுதான் பெரும்பாலான போல்ட்டுகள் ஒடிகின்றன. ஸ்பேனரை மாட்டுவதற்கு முன்பே, "இது ஒடிந்தால் மிச்சத்தை எப்படி எடுப்பேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாத இடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள்.

## வழியைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

போல்ட்டின் தடிமன். நாம் 10 நம்பர், 12 நம்பர், 14 நம்பர் என்று சொல்வது தலையின் அளவு. மாருதி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் பெரும்பாலும் 10 நம்பர் தலைக்குக் கீழே 6 மி.மீ. தண்டு இருக்கும், 12 நம்பருக்கு 8 மி.மீ., 14 நம்பருக்கு 10 மி.மீ. சாதாரண 8.8 கிரேடு (உறுதியைக் காட்டும் எண்) போல்ட்டை முடுக்கும் அளவு, 6 மி.மீ.க்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அலகு), 8 மி.மீ.க்கு 25, 10 மி.மீ.க்கு 50. இப்போது கை தரும் விசையைக் கணக்குப் போடுங்கள். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியை 20 கிலோ எடைக்கு அழுத்தினால் 59 நியூட்டன் மீட்டர். அதே அழுத்தம் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 196. ஆக, 10 நம்பர் போல்ட்டை ஒடிக்கப் பைப்பே வேண்டாம், மணிக்கட்டு போதும்.

எந்த உலோகத்தில் இறங்கியிருக்கிறது. மாருதி 800இல் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. பின்னால் வந்த கே சீரிஸ் இன்ஜின்களில் பிளாக்கும் அலுமினியம். சந்தேகமிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அலுமினியம். வார்ப்பிரும்பில் மரை லேசில் போகாது. அலுமினியத்தில் போல்ட் பிழைத்து வந்தாலும் மரையைச் சுருட்டிக்கொண்டு வரக்கூடும்.

ஏன் பிடித்தது. இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை, ஆனால் வழியைத் தீர்மானிப்பதே இதுதான். பழுப்புத் தூள் தெரிந்தால் சாதாரணத் துரு. இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அதனால் மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். வெள்ளைத் தூள் தெரிந்தால் அது அலுமினியம் அரித்த உப்பு. மரையில் சிவப்புப் பசை இருந்தால் லாக்டைட் வகை, அதாவது போல்ட் தானாகத் தளராமல் இருக்கப் போடும் பசை. மேனிஃபோல்டு போல்ட் என்றால் சூட்டிலேயே வெந்து பிடித்தது.

வெள்ளைத் தூள் நம் பக்கத்தில் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே ஃப்ளூரைடு தண்ணீர் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். போல்ட்டைக் கெடுப்பது ஃப்ளூரைடு இல்லை, அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் மற்ற உப்புகள். கூலன்ட் தீர்ந்ததும் தோட்டத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால், ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய ஹவுசிங்கும் நடுவில் உப்புத் தண்ணீருமாக ஒரு பேட்டரியே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். மூன்று நான்கு வருடத்தில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட்டைச் சுற்றி மரைக்குள் வெள்ளைத் தூள் கெட்டித்துப் போயிருக்கும்.

தலையின் நிலை. ஆறு மூலையும் கூர்மையாக இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. ஒரு மூலை மழுங்கியிருந்தாலும் பாதி வழி அடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர், ஓபன் ஸ்பேனர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை மட்டும் பயன்படுத்துங்கள். தலைமேல் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால்தான் சாக்கெட் அடிவரை இறங்கும்.

கடைசியாக நேரம். மாங்காய் சீசனில் நாளை விடியற்காலை லோடு ஏற்ற வேண்டிய வண்டியும், வீட்டு வாசலில் நிற்கும் காரும் ஒன்றில்லை.

## எண்ணெய் விட்டுக் காத்திருப்பது

செலவு மிகக் குறைவு, சேதம் அநேகமாக இல்லை. கேட்பது நேரத்தை மட்டும். துருப் பிடித்த போல்ட்டுக்கு இதுதான் முதல் வழி.

டபிள்யூடி-40 எங்கும் கிடைக்கிறது, ஆனால் சாதாரண டப்பாவில் வருவது ஈரத்தை விரட்டச் செய்த திரவம். துருவுக்கென்றே தனியாக வரும் பெனிட்ரேட்டிங் ஸ்பிரே கிடைத்தால் அதை வாங்குங்கள். பட்டறைகளில் அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி கலந்து விடுவதுண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி விட வேண்டும், பெயிண்டில் படக்கூடாது, பக்கத்தில் நெருப்பு கூடாது.

விடும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, கை பொறுக்கும் சூட்டில் நிறுத்திவிட்டு எண்ணெய் விடுங்கள். உலோகம் ஆறிச் சுருங்கும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அரைக் கிலோ சுத்தியலால், நடுவில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, போல்ட் தலையில் நேராகப் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வு போதும். துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மாலை ஒருமுறை, இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று மூன்று நான்கு தடவை விட்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

முதல் அசைவு முடுக்கும் பக்கமாக இருக்கட்டும். ஒரு நூல் அளவு முடுக்கினால் துருப்பிடி விடும். பிறகு கழற்றும் பக்கம். இங்கே கையையும் காதையும் கவனியுங்கள். "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டால் பிடி உடைந்தது. கிரீச் என்று கத்திக்கொண்டு நகர்ந்தால் அதுவும் நல்லதே. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல் தலை மட்டும் சுற்றி வந்தால், தண்டு முறுக்கிக்கொள்கிறது என்று பொருள்; அடுத்த கால் சுற்றில் ஒடியும். உடனே நிறுத்திவிட்டு வேறு வழிக்குப் போங்கள். நகர ஆரம்பித்த போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, இரண்டு சொட்டு எண்ணெய், மறுபடி அதேபோல்.

எண்ணெய் உதவாத இடங்களும் உண்டு. லாக்டைட் போட்ட போல்ட்டை எண்ணெய் அசைக்காது. வெள்ளைத் தூள் கெட்டித்த மரைக்குள் அது ஊறுவதும் அரிது. தலைக்கடியில் வாஷர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் மூடிய துளையில் மேலே விட்டது மேலேயே நிற்கும்.

மறைந்த செலவு: பெல்ட், கிளட்ச், ஆல்டர்னேட்டர்மேல் தெறிப்பது. மேனிஃபோல்டில் தங்கிய எண்ணெய் முதல் ஓட்டத்தில் நன்றாகப் புகையும்.

## நீளக் கைப்பிடியும் பைப்பும்

10 நம்பர், 12 நம்பர் போல்ட்டுகளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன கணக்கே காரணம்.

17 நம்பருக்கு மேற்பட்ட தடித்த போல்ட்டுகளில், அதுவும் வார்ப்பிரும்பில் அல்லது சஸ்பென்ஷன், இன்ஜின் மவுன்ட் பக்கம் இருப்பவற்றில் பைப் நியாயமானது. அங்கேயும் பைப்பை ரேச்செட்டில் மாட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பல் போய்விடும். பல் இல்லாத நீளக் கைப்பிடியான பிரேக்கர் பார் அல்லது எல் ராடில் மாட்டுங்கள். உடம்பு எடையைப் போட்டுத் தள்ளாமல், நிதானமாகக் கூட்டிக்கொண்டே இழுங்கள். சாக்கெட் வழுக்கும் நொடியில் கை எங்கே போய் மோதும் என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

## இம்பாக்ட் கன்

நிலையான இழுப்பைவிட, விட்டு விட்டு விழும் அடி துருப்பிடியை எளிதில் உடைக்கும். தண்டு முறுக்கிக்கொள்வதும் குறைவு. கிராங்க் புல்லி போல்ட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. இன்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

ஆனால் டயர் கடையில் இருக்கும் அரை இன்ச் ஏர் கன் பல நூறு நியூட்டன் மீட்டர் தரும். அதை 12 நம்பர் போல்ட்டில் வைப்பது ஒடிப்பதற்கென்றே வைப்பதுபோல. சிறிய போல்ட்டுகளுக்கு மூன்றெட்டு (3/8) இன்ச் பேட்டரி கன்னைக் குறைந்த நிலையில் வைத்து, இரண்டு இரண்டு நொடியாக, முன்னும் பின்னும் மாற்றி அடித்தால் பயன் தரும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துத் தெறிக்கக்கூடும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

## சூடு

அலுமினியத்தில் பிடித்த ஸ்டீல் போல்ட்டுக்கும் லாக்டைட்டுக்கும் எங்கள் தேர்வு இதுதான். எண்ணெயில் இரண்டு நாள் போக்குவதைவிட நேரே சூட்டுக்கு வரலாம்.

அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடு போக வேண்டியது போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. துளை அகன்று பிடி தளரும். சிறிய பியூட்டேன் டார்ச் போதும். ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி மூன்று முதல் ஐந்து நிமிடம் காட்டுங்கள். தோசைக்கல்லைப் பதம் பார்ப்பதுபோல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று உடனே மறைந்தால் பதம் சரி. சூடு ஆறுவதற்குள் ஸ்பேனர் போட வேண்டும். லாக்டைட் சிவப்பு வகைக்கு 250 டிகிரி வரை தேவைப்படும்.

கேஸ் வெல்டிங் நெருப்பை அலுமினியத்தில் காட்டவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே தளரும். இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கை தராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் சொட்டிவிடும்.

மேனிஃபோல்டு ஸ்டட்டில் (தலை இல்லாத மரைத் தண்டு) இருக்கும் நட்டு வேறு கதை. தொப்பூர் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறி ஏறி வெந்த நட்டு எண்ணெய்க்கு மசியாது. அங்கே கேஸ் வெல்டிங்காரரைக் கூப்பிட்டு நட்டை மட்டும் செக்கச் செவேலென்று சிவக்க வைத்து, சிவப்பு மங்கியதும் திருப்பினால் வந்துவிடும். சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஊர்ந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெய் போகாத இடத்துக்கு மெழுகு போகும்.

மறைந்த செலவு இந்த வழியில்தான் அதிகம். ஆயில் சீல், ஓ-ரிங், சென்சார் ஒயர், ரப்பர் ஹோஸ் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். பெட்ரோல் லைன், ஏசி பைப் அருகில் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். முன்பு விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு வைக்காதீர்கள்; குளோரின் கலந்த வகை எரிந்தால் வருவது நச்சுப் புகை.

## தலை மழுங்கினால், தண்டு ஒடிந்தால்

தலை மழுங்கியதோடு நின்றிருந்தால் ஒரு அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டை அடித்து இறக்குங்கள். 13 நம்பர் தலைக்கு அரை இன்ச் சாக்கெட் சரியாக இறங்கும், அது 12.7 மி.மீ. 10 நம்பருக்கு மூன்றெட்டு இன்ச், 9.5 மி.மீ. இன்ச் செட் ஒன்று பட்டறையில் இருக்க இதுவே போதுமான காரணம்.

ஒடிந்துவிட்டால் இரண்டு வழி: நட்டு வைத்து வெல்டிங், அல்லது டிரில் போட்டு, அந்தத் துளைக்குள் எதிர்ச்சுற்றாக இறங்கிப் பிடிக்கும் ஈசி அவுட் கம்பியால் திருப்புவது. பலர் டிரில்லை எடுக்கிறார்கள். வெல்டிங்கை முதலில் பாருங்கள் என்பதே எங்கள் கருத்து.

நட்டு வெல்டிங். ஒடிந்த தண்டு சிறிதாவது வெளியே தெரிந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங்கை நிரப்ப வேண்டும். ஸ்டீல் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஆகவே மரைக்குப் பயமில்லை. வெல்டிங் சூடே உள்ளிருக்கும் பிடியையும் உடைத்துவிடும். பாதி வேலை அதில்தான் நடக்கிறது. சிவப்பு போகும்வரை ஆறவிட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். முதல் நட்டு பிய்ந்து வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், மூன்றாவது நான்காவது முறையில் வருவது சகஜம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் போல்ட்டுக்கு மிக அருகில் இருக்கட்டும். தூரத்தில் போட்டால் கரன்ட் பேரிங் வழியாகவும் சென்சார் வழியாகவும் போகும்.

டிரில்லும் ஈசி அவுட்டும். மட்டத்துக்குக் கீழே ஒடிந்து வெல்டிங் ராடு எட்டாத இடத்துக்கு இது. நடுவில் சென்டர் பஞ்ச் அடிப்பதில் பத்து நிமிடம் செலவழித்தாலும் தகும், அரை மி.மீ. விலகினால் டிரில் அலுமினியத்துக்குள் சறுக்கிவிடும். 8 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 3 மி.மீ., பிறகு 5, தேவைப்பட்டால் 6.5. இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளையிடும்போதே பல நேரம் போல்ட் சுற்றி வெளியே வந்துவிடும்.

ஈசி அவுட்டை நாங்கள் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். எவ்வளவோ இழுத்தும் வராத போல்ட்டை, அதைவிட மெல்லிய ஒரு கம்பியால் திருப்பப் பார்க்கிறோம். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. பிறகு ஹெட்டைக் கழற்றி, ஓசூர் சிப்காட் பக்கத்து டூல் ரூமில் ஸ்பார்க் எரோஷன் போட்டு, அதாவது மின்பொறியால் அரித்து எடுக்க வேண்டியதுதான். ஹெட் கேஸ்கெட், கூலன்ட், ஆயில், போக வர வண்டிக் கூலி, இரண்டு மூன்று நாள் வேலை நிறுத்தம் எல்லாம் அந்த ஒரு கம்பிக்காக. ஆகவே சூடு காட்டித் தளர்த்திய பிறகே ஈசி அவுட்டைத் தொடுங்கள். கையால் வராததற்கு அதில் பைப் போடாதீர்கள்.

மரை போய்விட்டால், துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் இருக்கிறது. 8 மி.மீ.க்கு 8.3 மி.மீ. டிரில், அதற்கென்று உள்ள டேப் (மரை வெட்டும் கருவி). அலுமினியத்தில் பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

## பக்கம் பக்கமாக

| வழி | ஆகும் நேரம் | பொருந்தும் இடம் | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|
| எண்ணெய் | 12 முதல் 24 மணி | பழுப்புத் துரு, நட்டு, திறந்த மரை | லாக்டைட், வெள்ளைத் தூள் |
| பைப் | சில நிமிடம் | 17 நம்பருக்கு மேல், இரும்பு | 10, 12 நம்பர், அலுமினியம் |
| இம்பாக்ட் கன் | சில நிமிடம் | கிராங்க் புல்லி, தடித்த போல்ட் | மெல்லிய போல்ட், மழுங்கிய தலை |
| சூடு | அரை மணி | அலுமினியத்தில் ஸ்டீல், லாக்டைட், மேனிஃபோல்டு நட்டு | பெட்ரோல் லைன், ஏசி பைப் அருகில் |
| நட்டு வெல்டிங் | ஒரு மணி | ஒடிந்து வெளியே நிற்கும் தண்டு | ஆழத்தில் ஒடிந்தது |
| டிரில், ஈசி அவுட் | அரை நாள் | மட்டத்துக்குக் கீழே ஒடிந்தது | கை நேராக எட்டாத இடம் |

போர் தண்ணீர் ஓடிய வண்டியின் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் 10 நம்பர் போல்ட் பிடித்திருந்தால் டார்ச் சூடும் சிறிய ஸ்பேனரும்தான். முதல் இரண்டு முறையில் வராவிட்டால், ஹவுசிங் புதிதாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்குமென்றால் போல்ட் தலையை டிரில்லால் எடுத்துவிட்டு ஹவுசிங்கை உருவிவிடலாம். மிஞ்சி நிற்கும் தண்டு நீளமாக இருக்கும், இழுவை இல்லாததால் பாதிப் பிடியும் விட்டிருக்கும், நட்டு வெல்டிங்குக்கும் வசதி. ஹவுசிங்கை இழப்பது ஹெட்டை இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

டீசல் வண்டியில் குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி) பிடித்திருந்தால் கன், பைப், சுத்தியல் எதுவும் வேண்டாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுத் திருப்புங்கள், 8 மி.மீ. பிளக்குக்கு 20 நியூட்டன் மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குள் வராவிட்டால் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

மறுநாளே ஓட வேண்டிய லோடு வண்டியில் மேனிஃபோல்டு நட்டு என்றால் எண்ணெயில் நேரம் போக்காமல் கேஸ் வெல்டிங்காரரிடம் போங்கள். நாமே இழுத்துப் பார்த்து ஸ்டட்டை ஒடித்த பிறகு போனால் வேலை மூன்று மடங்காகும்.

கழன்று வந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை முறுக்கம் கண்ட தண்டு அடுத்த முறை சாதாரண முடுக்கிலேயே போகும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 4.8 கிரேடும் இதற்குப் பத்தாது, தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள். துளையின் மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, போல்ட்டின் மரையில், மறுபடி பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்டை மெல்லிதாகத் தடவுங்கள். வழவழப்பு கூடுவதால் முடுக்கும் அளவைக் கால் பங்கு குறைக்க வேண்டும். ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டு, கூலன்ட்டும் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.